கெடு தப்பின வீடு

ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டைக் கடக்கும்போது மட்டும் எங்கள் ஆச்சி நடையை எட்டிப் போடுவாள். நான் திரும்பிப் பார்த்தால், "அது கெடு தப்பின வீடுலே, அங்கெ என்ன பார்வை?" என்று அதட்டுவாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கெடு என்பது ஒரு பேய் என்றும், அது அந்த வீட்டிலிருந்து தப்பி ஊருக்குள் அலைகிறது என்றும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பேய் அல்ல, தேதி. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-77-இல், ஆச்சியின் பாட்டனார் அந்த வீட்டின் பேரில் பணம் வாங்கியிருக்கிறார். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு எல்லாம் உள்ள வீடு. எழுதிக் கொடுத்தது கடன் பத்திரம் அல்ல, கிரயப் பத்திரம். பிசானம் அறுவடையாகிப் பங்குனி முடிவதற்குள் பணத்தைத் திருப்பினால் வீடு திரும்பும், தவறினால் அதுவே சுத்தக் கிரயம் என்று அதில் ஒரு ஷரத்து. அந்த வருஷம் அறுப்பு பிந்திவிட்டது. சித்திரையில் பணத்தை முடிந்துகொண்டு போனவரிடம், "கெடு போயிட்டே அண்ணாச்சி" என்றாராம் வாங்கினவர். அவர் குரல் உயர்த்தவில்லை, மோர் கூடக் கொடுத்தாராம். மோரைக் குடித்துவிட்டு வந்த குற்றத்துக்காகப் பாட்டனாரை ஆச்சி கடைசிவரை மன்னிக்கவில்லை.

இந்த மாதிரிப் பத்திரம் நம் ஜில்லாவில் முளைத்த விஷமம் அல்ல. வட்டி வாங்குவது மார்க்க விரோதம் என்றிருந்த முஸ்லிம் நாடுகளிலே கடனுக்கு விற்பனை வேஷம் போட்டார்கள். வங்காளத்தில் அதற்குப் 'பை பில் வஃபா' என்று பெயர். அங்கே கும்பெனியார் 1806-இல் ஒரு ரெகுலேஷன் போட்டு, கெடு முடிந்தாலும் கோர்ட் நோட்டீசுக்குப் பிறகு ஒரு வருஷம் தவணை உண்டு என்று வைத்தார்கள். சென்னை ராஜதானிக்கு அந்தக் கருணை இல்லை. எழுதினது எழுதினதுதான்.

இங்கிலாந்திலோ அவர்களுடைய சான்ஸரி கோர்ட், கடனுக்காக எழுதின பத்திரம் எந்த வேஷம் போட்டாலும் அடமானமே, பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கலாம் என்று எத்தனையோ காலமாகச் சொல்லிவந்தது. 1858-இல் சென்னை சதர் அதாலத் ஜட்ஜுகள் அந்த நியாயத்தை இங்கேயும் இறக்கினார்கள். கெடு தாண்டினாலும் மீட்கலாம் என்றார்கள். பின்னால் வந்த ஹைகோர்ட்டும் அதையே பிடித்துக்கொண்டது.

அப்படியே போயிருந்தால் கதை இல்லை. 1870-இல் பட்டாபிராமய்யர் - வெங்கட்ராவ் நாயக்கர் வழக்கு லண்டனில் பிரிவி கவுன்ஸிலுக்குப் போயிற்று. சென்னைக் கோர்ட்டார் செய்தது பிசகு, உங்கள் தேசத்துப் பழைய சட்டப்படி பத்திரத்தின் வாசகமே செல்லும் என்று பிரபுக்கள் தீர்த்துவிட்டார்கள். வெள்ளைக்கார நீதிபதிகள் நம் பழைய வழக்கத்தை நமக்கு எதிராகவே காப்பாற்றிக் கொடுத்த விநோதம் இது! 1875-இல் தம்புசாமி முதலியார் - உசேன் ராவுத்தர் வழக்கில் அதையே மறுபடி சொன்னார்கள். ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் தயங்கினார்கள். 1858-க்குப் பிறகு எழுதின பத்திரங்களைப் பற்றி வேறு விதமாக யோசிக்க இடம் விட்டார்கள். கோர்ட்டை நம்பி எழுதினவர்கள் அல்லவா?

இந்த இடத்தைச் சட்டப் புஸ்தகத்தில் முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டனாருடைய பத்திரம் 1858-க்குப் பிற்பட்டது. அதாவது கதவு பூட்டியிருக்கவில்லை, சாத்தித்தான் இருந்தது. அந்நாளில் மீட்பு வழக்குப் போட 60 வருஷ அவகாசம் வேறு. பின்னாளில் உள்ளூரிலேயே முன்சீப் கோர்ட் இருந்தது. ஜெயித்திருப்போமா என்பது வேறு விஷயம், தட்டிப் பார்த்திருக்கலாம். மூன்று தலைமுறையாக நாங்கள் செய்ததெல்லாம் அந்த வீட்டைப் பார்க்காமல் கோயிலுக்குப் போனதுதான்.

வாங்கினவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தாமிரவருணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணை 1873-இல் முடிந்து, சுற்றுவட்டாரத்தில் நஞ்சைக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்த சமயம். கடனைத் திருப்பி வாங்குவதைவிடக் கெடு தப்புவதே லாபம் என்று யாருக்குத்தான் தோன்றாது? திருடிய பொருளில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்த கள்ளனுக்காகச் சுவாமியே கள்ளன் வேஷத்தில் ராஜாவிடம் போனதாக எங்கள் ஊர் ஸ்தல புராணம் சொல்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் பத்திரம் வேஷம் போட்டது பெரிய அதிசயமா?

1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. நிபந்தனைக் கிரயமும் அடமானத்தில் ஒரு வகை என்று அது எழுதி வைத்தது. 60-ஆவது பிரிவில் மீட்கும் உரிமையையும் கொடுத்தது. கடன் கொடுப்பவர்கள் சளைத்தவர்களா? கிரயத்தை ஒரு காகிதத்திலும், திருப்பிக் கொடுக்கும் வாக்குறுதியை இன்னொரு காகிதத்திலும் எழுதினார்கள். எது கடன், எது விற்பனை என்று கோர்ட்டுகள் திணறின. 1929-இல் திருத்தம் வந்தது. நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அடமானம் என்றது. வழக்குகளைக் குறைக்க வந்த திருத்தம்தான். ஆனால் இரண்டு காகிதம் எழுதும் கெட்டிக்காரனுக்கு அது பெரிய செளகரியமாகப் போயிற்று. இன்றைக்கும் அவசரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு, 'சும்மா செக்யூரிட்டிக்குத்தான்' என்ற வார்த்தையை நம்பிச் சுத்தக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு தனிக் காகிதத்தில் இருக்கும். அல்லது காற்றில் இருக்கும்.

ஒத்திக்காரனுக்கு இவ்வளவு பயமில்லை. வீட்டை அனுபவத்துக்கு விட்டவன் பணத்தைக் கட்டி எப்போதும் மீட்கலாம், பத்திரத் தேதியிலிருந்து 30 வருஷம் போயிற்று என்பதனாலேயே அந்த உரிமை போகாது என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆச்சி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "இப்பம் சொல்லி என்னத்துக்கு?" என்றிருப்பாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்த வீட்டு முன்னால் நின்றேன். முதல் தடவையாக, நன்றாகவே பார்த்தேன். தார்சாவை இடித்து இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். பக்கச் சுவரில் சிவப்பு எழுத்து: 'இந்தச் சொத்து வழக்கில் உள்ளது. யாரும் வாங்கவோ ஒத்தி பிடிக்கவோ வேண்டாம்.' யார் யார் மேல் போட்ட வழக்கு என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க வாங்கப் போறியளா?" என்று கேட்டார்.