கராச்சிக்கும் டாக்காவுக்கும் நடுவில் கட்டுநாயக்க

கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,370 கிலோமீற்றர். ஜெட் விமானத்தில் சுமார் மூன்று மணித்தியாலம். 1971 பெப்ரவரியில் அதே பயணத்தின் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நகரங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. நடுவிலிருந்த வானம்தான் மூடப்பட்டது. இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆனால் நாம் அதை அதிகம் பேசுவதில்லை.

1947இல் பாகிஸ்தான் மேற்கு, கிழக்கு என இரு துண்டுகளாகப் பிறந்தது. இடையில் இந்தியா. ஒரே நாட்டின் இரு பகுதிகளும் அயல்நாட்டு வானத்தால்தான் இணைந்திருந்தன.

1971 ஜனவரி 30ஆம் திகதி, ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்ற இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. பயணிகள் விடுவிக்கப்பட்டார்கள்; விமானம் எரிக்கப்பட்டது. இது இந்தியாவின் சூழ்ச்சி என்று பாகிஸ்தான் பின்னர் சொன்னது. இந்தியாவோ பெப்ரவரி 4ஆம் திகதி தன் வானில் பாகிஸ்தான் விமானங்கள் பறக்கத் தடை விதித்தது.

மிச்சமிருந்த வழி தெற்கே கடலைச் சுற்றி வருவது. கராச்சி, கொழும்பு, டாக்கா என்ற மூன்று புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்தாலே 4,500 கிலோமீற்றருக்கு மேல் வரும். இந்தியக் கரையைத் தொடாமல் வளைந்து வந்தால் இன்னும் அதிகம். இடையில் கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள்.

அவை பயணிகள் விமானங்கள்தான். ஆனால் சாதாரண உடையில் படையினரும் அவற்றில் டாக்கா போய்ச் சேர்ந்தார்கள். மார்ச் 25ஆம் திகதி இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகளும் தப்பவில்லை.

அதற்குப் பதினொரு நாள் கழித்து, ஏப்ரல் 5ஆம் திகதி, இங்கே ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. அப்போது இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே இலங்கை அரசுக்கு ஹெலிகொப்டர்கள் அனுப்பி உதவின!

சரி, பாகிஸ்தானைப் பிரித்தது இந்தத் தூரம்தானா? இல்லை. பிளவு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1952 பெப்ரவரி 21ஆம் திகதி வங்க மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் டாக்காவில் சுடப்பட்டார்கள். 1970 நவம்பர் சூறாவளியில் இலட்சக்கணக்கானோர் இறந்தபோது அரசின் உதவி தாமதமாகவே வந்தது. அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் நாடாளுமன்றப் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி கையளிக்கப்படவில்லை. 1971 டிசம்பர் 16ஆம் திகதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

இரு பக்கத்திலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். மார்க்கம் ஒன்று என்பதைக் காட்டி, ஒரு மக்களின் மொழியையும் வாக்கையும் தட்டிக்கழிக்க முடியாது என்பதே நாம் இதிலிருந்து படிக்க வேண்டிய பாடம். நீதி இல்லாத இடத்தில் சகோதரத்துவம் வெறும் சொல்லாகிவிடும்.

எங்களைப் போன்ற ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு 1971 என்றால் ஏப்ரல் கிளர்ச்சியை மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அதே ஆண்டு கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிப் போன விமானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? அந்த நாட்களை நினைவுள்ள பெரியவர்கள் இங்கே இருந்தால், கீழே எழுதுங்கள். வகுப்பில் சொல்ல உதவும்.