வரைபடத்தின் ஒரு கட்டமும் கொச்சியும்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதியிருக்க வேண்டிய மழைக்கால இரவுகள் பலவற்றை, தோப்பும்படி வாடகை அறையில் அமர்ந்து கொச்சி அரசைக் காப்பாற்றுவதில் செலவழித்தேன். ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்னும் கணினி விளையாட்டு அது. 1444 நவம்பர் 11இல் தொடங்கி 1821 வரை ஓர் அரசை நாம் நடத்த வேண்டும். வரி, படை, வணிகம், திருமண உறவு என எல்லாவற்றையும் கணக்கிட்டு, நாட்டின் வண்ணத்தை வரைபடத்தில் பரப்ப வேண்டும்.

விளையாட்டின் அடிப்படை அலகு மாகாணம். ஒரு மாகாணத்திற்கு ஓர் உரிமையாளர், ஒரு பண்பாடு, ஒரு சமயம். ஒரு சிற்றரசுக்கு ஒரே மேலரசு. இந்த நான்கு 'ஒரு'வும் கொச்சியில் எக்காலத்திலும் பொருந்தியதில்லை என்பதே என் மனக்குறை.

மேலரசையே எடுத்துக்கொள்வோம். 1503இல் கொச்சி மன்னரின் இசைவோடு போர்த்துகீசியர் இங்கே கோட்டை கட்டினர். சாமூதிரியிடமிருந்து மன்னரைக் காக்க வந்தவர்கள் அவருக்கு மேலானவர்களாக அமர்ந்துவிட்டனர். 1663இல் டச்சுக்காரர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். வணிகக் கம்பெனி ஒன்றின் தயவில் மன்னர் முடிசூடினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிலைமை இன்னும் சிக்கலானது. கடற்கரைக் கோட்டையில் டச்சுக்காரர் இருக்க, மன்னரோ மைசூருக்குத் திறை செலுத்தினார். 1791இல் அத்திறை ஆங்கிலேயக் கம்பெனிக்கு மாறியது. அப்போதும் கோட்டையில் டச்சுக் கொடிதான். இதை எந்த வண்ணத்தால் தீட்டுவது?

அரசுரிமை இன்னும் வேடிக்கை. பெரும்படப்பு சொரூபத்தில் அரசரின் மகன் அரசனாவதில்லை. தாய்வழியில் கிளைத்த ஐந்து தாவழிகளையும் சேர்த்து எண்ணி, மூத்த ஆண் எவரோ அவரே அரசர். தாவழிகளுள் ஒன்றின் பெயர் பள்ளுருத்தி; என் அறையிலிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள ஊரின் பெயரும் அதுவே. தாவழிகளுக்கிடையிலான பூசல்களில்தான் சாமூதிரியும் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் நுழைந்தனர். திரையிலோ 'வாரிசு' என்ற சிறு சதுரத்தில் ஒரே ஒரு முகம்.

விளையாட்டின் மீது மட்டும் பழிசுமத்துவது நியாயமன்று. பிரிட்டிஷார் காலத்தில் கோட்டைப் பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைமையிடமோ தொலைவிலுள்ள கோழிக்கோடு. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மன்னருடையது. ஒரே தெருவழியே நடப்பவர் எல்லை கடந்துகொண்டிருந்தார். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகியவை ஒரே மாநகராட்சியானது 1967 நவம்பர் 1இல்தான். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தபோதும் வட்டங்களை அலகாகக் கொண்டு பெரும்பான்மை மொழியை எண்ணும் முறை முன்னின்றது; தோவாளையும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்கு வந்ததும், தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் வேறு காரணங்கள் காட்டிக் கேரளத்தில் நின்றதும் நாம் அறிந்தவையே. மொழியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அம்முறையில் உடன்பாடு பாதிதான். வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று கேட்டால் விடையுமில்லை.

என்னை உண்மையில் நிறுத்தியது ஒரு பொத்தான். கைப்பற்றிய மாகாணத்தின் பண்பாட்டை, போதிய புள்ளிகளைச் செலவிட்டால் நம் பண்பாடாக மாற்றிவிடலாம். சில ஆண்டுகள் கழியும். பழைய பெயர் மறைந்து புதிய பெயர் வரும். பழையதைப் பேசியவர்கள் எங்கே போனார்கள் என்று விளையாட்டு சொல்வதில்லை.

மட்டாஞ்சேரிப் பக்கம் கொங்கணி, குஜராத்தி, கச்சி மொழி பேசுவோர் இன்றும் வாழ்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் தோபிகானா இருக்கிறது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் என்று அங்குள்ள வண்ணார் சமூகத்தார் தம்மைப் பற்றிச் சொல்கிறார்கள். களப்பணியின்போது அங்கே ஒரு மூதாட்டி என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே, துணி கொடுக்க வந்தவரிடம் மலையாளத்தில் விலை சொன்னார். அவர் எந்தக் கட்டத்துக்குள் அடங்குவார்?

சென்ற வாரம் மீண்டும் ஒரு புதிய ஆட்டம் தொடங்கினேன். இம்முறை அந்தப் பொத்தானைத் தொடவில்லை. வரி குறைந்தது, இரண்டு கலகங்கள் வெடித்தன, கருவூலம் வறண்டது. 1530ஐத் தாண்டவில்லை.