பறக்காத விமானமும் 35 திருத்தங்களும்

மாடல் விமானம் கட்டுறவங்க எல்லாருக்கும் ஒரு நாள் இந்த ஆசை வரும். கையில இருக்கற ப்ளான் 30 அங்குல இறக்கைக்கானது. கட்டியாச்சு, நல்லாவும் பறக்குது. அதே ப்ளானை ஜெராக்ஸ் கடையில கொடுத்து ரெண்டு மடங்கா பெருசாக்கி, 60 அங்குலத்துல ஒண்ணு கட்டினா என்ன? வடிவம் அதேதானே, பறக்காம எங்கே போயிடும்?

போயிடும். வாரம் பூரா பொட்டி தட்டிட்டு, சனி ஞாயிறுல பால்சா கட்டையும் ஃபெவிக்விக்குமா உக்கார்ற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது பாலபாடம். ஆனா இதே பாடத்தை அமெரிக்க ராணுவம் 50,000 டாலர் கொடுத்துப் படிச்ச கதை ஒண்ணு இருக்கு. அதுக்கப்புறம் அந்தத் தப்பையெல்லாம் சத்தமில்லாம சரி பண்ணிட்டு, "முதல்லேர்ந்தே எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு"ன்னு சாதிச்ச கதை அதைவிடப் பெருசு. ரைட் சகோதரர்களோட விமானம் 20 வருஷம் அமெரிக்காவை விட்டே வெளியே போயிருந்ததுக்குக் காரணம் அந்த ரெண்டாவது கதைதான். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

கதாநாயகன் பேரு சாமுவேல் பியர்பான்ட் லாங்லி. காமெடியன்னு நினைச்சுடாதீங்க. நிறைய புத்தகத்துல ரைட் சகோதரர்களை உயர்த்திக் காட்ட இவரை ஒரு கோமாளி மாதிரி எழுதுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லை. வானியல்ல பெரிய கை. மிக நுண்ணிய வெப்பத்தையும் அளக்கற போலோமீட்டரைக் கண்டுபிடிச்சவர். 1887-ல வாஷிங்டன்ல இருக்கற ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கே தலைவர் ஆனவர் (பதவிக்குப் பேரு என்னமோ 'செயலாளர்'தான்).

இவர் பறக்கற ஆராய்ச்சியை ஆரம்பிச்சது நம்மளை மாதிரியேதான், முறுக்கின ரப்பர் வெச்ச மாடல்கள்ல. ஒண்ணு ரெண்டு இல்லை, வருஷக்கணக்கா விதவிதமா கட்டிக் கட்டி உடைச்சிருக்கார். அப்புறம் நீராவி இன்ஜின். முன்னாடி ஒரு ஜோடி, பின்னாடி ஒரு ஜோடின்னு தும்பி மாதிரி இறக்கைகள். தன்னோட இயந்திரங்களுக்கு அவர் வெச்ச பேரு 'ஏரோட்ரோம்'. இன்னைக்கு அந்த வார்த்தைக்கு விமான நிலையம்னு அர்த்தம். பேரு வைக்கறதுலயும் நம்ம ஆளுக்கு ராசி இல்லை.

1896 மே 6. வர்ஜீனியாவுல குவான்டிகோ பக்கம், போட்டோமாக் ஆத்துல ஒரு படகுவீடு. அதோட கூரையிலேர்ந்து ஏரோட்ரோம் எண் 5-ஐ ஏவிவிட்டாங்க. சுமார் 11 கிலோ எடை, 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல இறக்கை. ஆள் கிடையாது. ஒரு கிலோமீட்டர் பறந்து, பதமா தண்ணியில இறங்கிச்சு. போட்டோ எடுத்தது டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அதே வருஷம் நவம்பர்ல எண் 6 கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் போச்சு. இன்ஜின் வெச்ச, காத்தைவிடக் கனமான ஒரு பொருள் அவ்வளவு தூரம் பறந்தது அதுக்கு முன்னாடி நடந்ததே இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தா லாங்லியைப் பத்தி இன்னைக்கு எல்லாரும் மரியாதையா பேசிக்கிட்டு இருப்பாங்க.

1898-ல ஸ்பெயினோட சண்டை வந்துச்சு. ராணுவம் 50,000 டாலர் எடுத்து நீட்டி, ஆள் ஏறிப் போற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடுங்கன்னு கேட்டாங்க. லாங்லி பண்ணினது ஜெராக்ஸ் கடை வேலை. ஜெயிச்ச மாடலோட அதே வடிவம், அதே தும்பி இறக்கை, எல்லாத்தையும் பெருசாக்கினார். நடுவுல கால் அளவுல ஒரு பெட்ரோல் மாடலும் கட்டினாங்க, அது 1901-லயும் 1903-லயும் பறக்கவும் செஞ்சுது. அது பறந்ததும் அதோட நாலு மடங்கு பறக்கும்னு நம்பிக்கை.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான். எல்லா நீளத்தையும் 4 மடங்காக்கினா இறக்கைப் பரப்பு 16 மடங்கு ஆகும். ஆனா கட்டை, கம்பி, இன்ஜின் எல்லாத்தோட கனஅளவும் 64 மடங்கு, அதாவது எடை 64 மடங்கு. தூக்கற சக்தி கூடினதைவிட எடை நாலு மடங்கு அதிகமா கூடிடுது. இதுலேர்ந்து தப்பிக்க ஒரே வழி, ஒவ்வொரு உறுப்பையும் விகிதத்தைவிட ஒல்லியா பண்றது. லாங்லி ஆட்கள் அதைத்தான் பண்ணினாங்க. 14 மீட்டருக்கு மேல இறக்கை, ஓட்டுபவரையும் சேர்த்து மொத்தமே 340 கிலோ. ஆனா பத்து சென்டிமீட்டர் பால்சா குச்சியைக் கையில பிடிச்சுப் பாருங்க, அப்புறம் கொஞ்சமே தடிமனான ஒரு மீட்டர் குச்சியைப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டாவது தன் எடையிலேயே தொங்கும், லேசா காத்தடிச்சா முறுக்கிக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. ரைட் பையன்களுக்கு 1878-ல அவங்க அப்பா ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வாங்கிட்டு வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் பேண்ட். பிரான்சுக்காரர் பெனோவோட வடிவமைப்பு. பையன்க ரெண்டு பேரும் அதே மாதிரி நிறைய பண்ணிப் பார்த்தாங்க. பெருசா பண்ணப் பண்ண, பறக்கவே மாட்டேங்குது. ஏன்னு அப்போ புரியலை. ரெண்டு மடங்கு பெருசுக்கு எட்டு மடங்கு சக்தி வேணும்னு அன்னைக்குத் தெரியாதுன்னு பின்னாடி அவங்களே எழுதியிருக்காங்க.

லாங்லியோட உதவியாளர் சார்லஸ் மேன்லி, கார்னெல் பல்கலையில படிச்ச இளம் இன்ஜினியர். இன்ஜின் பிரச்சினையை அவர் பிரமாதமா தீர்த்துட்டார். நியூயார்க்ல ஸ்டீபன் பால்ஸர்ங்கறவர் ஆரம்பிச்சு முடிக்க முடியாம விட்ட இன்ஜினை மாத்திக் கட்டி 52 குதிரைத்திறன் எடுத்தார். ரைட் சகோதரர்கள்கிட்ட இருந்தது 12 குதிரைத்திறன் இன்ஜின். அதனால சக்திக்குக் குறையே இல்லை. இறக்கை தாங்குமா, காத்துல சாய்ஞ்சா எப்படி நிமிர்த்துறதுங்கற கேள்விகளுக்குத்தான் பதில் இல்லை. பக்கவாட்டுல சமநிலைப்படுத்த எந்தக் கட்டுப்பாடும் அதுல கிடையாது. மாடல்ல அது தேவைப்படலை, ஏன்னா மாடல்ல ஆள் இல்லை, விழுந்தா எடுத்து ஒட்டிக்கலாம்.

1903 அக்டோபர் 7. மேன்லியை உக்கார வெச்சு, படகுவீட்டு மேல இருந்த ஸ்ப்ரிங் ஏவுமேடையிலேர்ந்து தள்ளிவிட்டாங்க. நேரா தண்ணியில. டிசம்பர் 8, மறுபடியும். இந்தத் தடவை பின் இறக்கை மடங்கிச்சு, இயந்திரம் மல்லாந்துச்சு. பனிக்கட்டி மிதக்கற ஆத்துல, சிதைஞ்ச கட்டைகளுக்கு அடியில சட்டை மாட்டிக்கிட்டுத் தவிச்ச மேன்லி எப்படியோ கிழிச்சுக்கிட்டு வெளியே வந்தார். உயிர் பிழைச்சதே பெரிய விஷயம். ஏவுமேடையில மாட்டிக்கிச்சு, அதனாலதான் உடைஞ்சுதுன்னு லாங்லி கடைசி வரைக்கும் சொன்னார்.

நம்ம பாஷையில சொன்னா, இது டெஸ்டிங்கே இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தற வேலை. முழு அளவு இறக்கை, புது இன்ஜின், பறந்தே பழக்கமில்லாத ஓட்டுநர், எல்லாத்துக்கும் முதல் சோதனை ஒரே நொடியில. ரைட் சகோதரர்கள் பண்ணினது நேர் எதிர். அவங்களோட 1901 கிளைடர் கணக்குப் போட்டதுல மூணுல ஒரு பங்குதான் தூக்கிச்சு. உடனே பெருசாக்கலை, ஊருக்குத் திரும்பி ஆறடி நீளத்துல ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி, கையகல இறக்கை மாதிரிகளை வரிசையா வெச்சு அளந்தாங்க. காற்றழுத்தக் கணக்குல எல்லாரும் நூறு வருஷத்துக்கு மேல போட்டுக்கிட்டு இருந்த 0.005-ங்கற எண்ணே தப்பு, 0.0033 பக்கம் இருக்கணும்னு கண்டுபிடிச்சாங்க. (இதை லாங்லியும் அவங்களுக்கு முன்னாடியே சரியா அளந்திருந்தார். சொன்னேனே, ஆள் சாதாரணமில்லை.) 1902 கிளைடர்ல வால் அசையாம இருந்ததால திரும்பும்போது சுத்திக்கிட்டு விழுந்துச்சு, அதை அசையற வாலா மாத்தினாங்க. விழுந்ததெல்லாம் கிட்டி ஹாக் மணல்ல. நூத்துக்கணக்கான தடவை சறுக்கிப் பழகின பிறகுதான் இன்ஜினே.

லாங்லியோட ரெண்டாவது விபத்து நடந்து ஒன்பதாவது நாள், 1903 டிசம்பர் 17, ரைட் விமானம் பறந்துச்சு. முதல் தடவை 12 விநாடி, நாலாவது தடவை 59 விநாடி. மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் கம்மி. லாங்லி 1906 பிப்ரவரியில காலமானார்.

கதையோட முதல் பாதி இதோட முடிஞ்சுது. எனக்கு நிஜமாவே கோபம் வர்ற பாதி இனிமேதான்.

1914 ஜனவரியில பேட்டன்ட் வழக்குல கிளென் கர்ட்டிஸுக்கு எதிரா ரைட் தரப்பு மேல்முறையீட்டுலயும் ஜெயிச்சுது. கர்ட்டிஸுக்கு ஒரு வழி வேணும். ரைட்டுக்கு முன்னாடியே பறக்கக்கூடிய விமானம் ஒண்ணு இருந்துச்சுன்னு காட்டிட்டா பேட்டன்ட்டோட பலம் குறையும். அப்போ ஸ்மித்சோனியன் தலைவர் சார்லஸ் வால்காட், லாங்லியோட நண்பர். 1898-ல அந்த அரசுப் பணம் கிடைக்க உதவினவர்ல ஒருத்தர். நண்பரோட பேரைக் காப்பாத்தணும்னு அவருக்கு ஆசை. பெட்டிக்குள்ள கிடந்த ஏரோட்ரோம் கர்ட்டிஸ் கைக்குப் போச்சு, கூட 2,000 டாலரும். ஸ்மித்சோனியன் சார்பா மேற்பார்வைக்குப் போன ஆல்பர்ட் ஸாம், அதே வழக்குல கர்ட்டிஸ் தரப்பு நிபுணர் சாட்சி. எப்படி இருக்கு?

நியூயார்க் மாநிலத்துல ஹாமன்ட்ஸ்போர்ட், கியூகா ஏரி. அங்கே வெச்சு இறக்கையோட வளைவை மாத்தினாங்க. இறக்கைச் சட்டத்தை பலப்படுத்தினாங்க. இழுத்துக்கட்டற கம்பிகளை வேற மாதிரி போட்டாங்க. அந்தக் கம்பிகள் வந்து சேர்ற தூணை ரெண்டடிக்கு மேல பின்னாடி நகர்த்தினாங்க, அதாவது காத்து இறக்கையை எங்கே தூக்குதோ அந்த இடத்துக்கு. 1903-ல தூண் முன்னாடி இருந்ததாலதான் இறக்கை முறுக்கிக்கிட்டு உடைஞ்சிருக்கணும். இக்னிஷன், கார்புரேட்டர், ஓட்டற அமைப்பு எல்லாம் மாறிச்சு. ஏவுமேடையே வேணாம்னு அடியில மிதவை வெச்சாங்க. 1914 மே 28 அன்னைக்கு அது தண்ணியை விட்டு எழுந்து சுமார் 150 அடி போச்சு. அஞ்சு விநாடிகூட இல்லை.

இதுவரைக்கும்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனா அருமையான சோதனை. '1903 வடிவம் பறக்காது, இன்னின்ன இடத்துல மாத்தினா தாவும்'னு எழுதி வெச்சிருந்தா, அது லாங்லிக்கே மரியாதையா இருந்திருக்கும். ஒரு மாடலைப் பெருசாக்கினா எது எங்கே உடையும்ங்கறதுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனா ஆண்டறிக்கையில எழுதினது, லாங்லியோட இயந்திரம் பறக்கும் திறனுள்ளதுன்னு நிரூபணமாயிடுச்சுன்னு. அப்புறம் மாத்தின எல்லாத்தையும் பிரிச்சு, பழைய 1903 வடிவத்துக்கே திருப்பி, 1918-ல காட்சிக்கு வெச்சாங்க. ஆள் ஏறிப் பறக்கக்கூடிய உலகின் முதல் விமானம்ங்கற அர்த்தத்துல ஒரு அட்டையும் மாட்டினாங்க. கோடை மாத்தி ஓட்டிக் காட்டிட்டு, பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டு, 'இதுதான் ஓடிச்சு'ன்னு கையெழுத்து வாங்கற மாதிரி.

வில்பர் 1912-லயே டைபாய்டு காய்ச்சல்ல போயிட்டார். ஆர்வில் தனி ஆளா நின்னு கேட்டார்: என்னென்ன மாத்தினீங்களோ அதைப் பட்டியல் போட்டு வெளியிடுங்க. அவர் கேட்டது அவ்வளவுதான். 1921-லயே அவரோட ஆங்கிலேய நண்பர் கிரிஃபித் பிரூவர் லண்டன்ல ஒரு உரையில மாற்றங்களை வரிசையா எடுத்து வெச்சார். ஸ்மித்சோனியன் அசையலை. 1928-ல ஆர்வில் தன்னோட 1903 விமானத்தைப் பெட்டி கட்டி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிட்டார். நடுவுல உலகப்போர் வேற, குண்டுக்குப் பயந்து அதை எடுத்து ஒளிச்சு வைக்க வேண்டியதாச்சு.

1942-ல, வால்காட்டுக்கு அடுத்து வந்த சார்லஸ் அபாட் கடைசியா அந்தப் பட்டியலை வெளியிட்டார். மொத்தம் 35 மாற்றம். கூடவே, முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கினார். ஒரு சில பக்கம் அச்சடிக்க 28 வருஷம்.

ஆர்வில் 1948 ஜனவரியில இறந்தார். விமானம் திரும்பி வந்து ஸ்மித்சோனியன்ல ஏறின நாள் 1948 டிசம்பர் 17. அதைப் பார்க்க அவர் இல்லை. வாரிசுகள் ஒரு டாலருக்கு வித்தாங்க, ஒரு நிபந்தனையோட: இதுக்கு முன்னாடி வேற ஏதோ விமானம் ஆளோட, கட்டுப்பாட்டோட பறந்துச்சுன்னு ஸ்மித்சோனியன் எங்கேயாவது சொன்னா, விமானத்தைத் திருப்பிக் கொடுத்துடணும்.

லாங்லியோட ஏரோட்ரோமும் ஸ்மித்சோனியன்லதான் இருக்கு, 1903 வடிவத்துல, தூணும் பழைய இடத்துலயே.

பி.கு.: ப்ளானை ரெண்டு மடங்காக்கிக் கட்டினவங்க யாராவது இருந்தா, ஸ்பாருக்கு பால்சாவே போட்டீங்களா இல்லை வேற கட்டைக்கு மாறினீங்களான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. என்ன மாத்தினீங்கன்னு முழுப் பட்டியல் வேணும், சொல்லிட்டேன் :-)