தனிமனித உரிமையும் நீதியின் வாயிலும்

ஆராயாது வழங்கப்பட்ட தீர்ப்பு ஓர் உயிரைப் போக்கிய கதையைச் சிலப்பதிகாரத்தின் வாயிலாகத் தமிழர் நன்கறிவர். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு கேள்வியும் கேட்டானில்லை. எனினும், அவனுடைய அரண்மனை வாயில் கண்ணகிக்கு அடைக்கப்படவில்லை. காவலன் அவள் வரவை அறிவித்தான்; மன்னன் அவள் வழக்கைக் கேட்டான்; தன் பிழையை உணர்ந்தான். ஆனால், அவ்விசாரணை கோவலன் இறந்த பின்னரே நடந்தது.

உயிரும் உரிமையும் பறிபோவதற்கு முன்பே நீதியின் வாயில் திறந்திருத்தல் வேண்டும் என்பது மக்களாட்சியின் நெறி. ஆட்கொணர்வு மனு அத்தகைய வாயிலாகும். ஒருவர் சிறை வைக்கப்பட்டால், அதற்குச் சட்டப்படியான காரணத்தைக் காட்டுமாறு நீதிமன்றத்தின் வழியே அரசைக் கேட்கும் உரிமை அது. இவ்வாயில் இந்தியாவில் ஒருமுறை அடைபட்டதும் பின்னர்த் திறந்ததும் மாணவர் அறியத்தக்க வரலாறாகும்.

1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம், தன் மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகளைத் தொகுத்துரைக்கிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது அதன் 21ஆவது பிரிவு. சொற்கள் சிலவே, எனினும், அவற்றுள் ஒரு வினா மறைந்து கிடந்தது. அந்தச் சட்டமே நியாயமற்றதாக இருப்பின் என் செய்வது?

அவ்வாண்டிலேயே அவ்வினா எழுந்தது. தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாநிலத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் போதும். அதன் நியாயத்தை 21ஆவது பிரிவைக் கொண்டு அளக்க இயலாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1950 மே 19இல் தீர்ப்பளித்தனர். நீதிபதி பசல் அலி மாறுபட்டார். முன்னறிவிப்பும், தன் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பும், நடுவுநிலை பிறழாத மன்றமும் இல்லாத ஒன்றை நடைமுறை என்று கொள்ளலாகாது என்பது அவர் கருத்து.

1975 ஜூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்களும் தொண்டர்களும் விசாரணையின்றிச் சிறை புகுந்தனர். 21ஆவது பிரிவைக் காட்டி நீதிமன்றம் செல்லும் உரிமையை ஜூன் 27ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்தி வைத்தது. ஆயினும், ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

பகைமை காரணமாகக் காவல் அதிகாரி ஒருவர் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டால் அதற்குப் பரிகாரம் உண்டா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் விடையளித்தார். 1976 ஏப்ரல் 28ஆம் நாள் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். வாயில் அடைபட்டது.

கன்னா ஒருவரே மறுத்தார். உயிரும் சுதந்திரமும் அரசியல் சட்டம் ஈந்த கொடையல்ல. அது பிறப்பதற்கு முன்பும் சட்டத்தின் அதிகாரமின்றி அவற்றைப் பறிக்க அரசுக்கு உரிமை இருந்ததில்லை என்று அவர் எழுதினார். 1977 ஜனவரியில், அவரினும் பணிமூப்புக் குறைந்தவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அவ்வாண்டு மார்ச்சில் மக்கள் தம் வாக்கினால் ஆட்சியை மாற்றினர். நெருக்கடி நிலையும் நீங்கியது. காரணம் கூறாது தம் கடவுச்சீட்டு முடக்கப்பட்டதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில், சட்டம் வகுக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று 1978 ஜனவரி 25இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. பசல் அலியின் கருத்து 28 ஆண்டுகளுக்குப் பின் வழக்கேறியது. 44ஆவது திருத்தம், நெருக்கடி காலத்திலும் 21ஆவது பிரிவுக்கான நீதிமன்றப் பாதுகாப்பை நிறுத்தி வைக்க இயலாதவாறு செய்தது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில், 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிழையென உச்ச நீதிமன்றமே அறிவித்தது. அந்நால்வருள் ஒருவரான ஒய். வி. சந்திரசூட்டின் மைந்தர் டி. ஒய். சந்திரசூட் அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர்.

ஆயினும், அந்த 1976இல் சிறையில் இருந்தோர் இழந்த நாள்களை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. தடுப்புக் காவலுக்கு இடந்தரும் 22ஆவது பிரிவும் இன்றளவும் இருக்கின்றது. 1976இலும் 21ஆவது பிரிவின் சொற்கள் ஏட்டில் மாறாமலே இருந்தன. அவற்றுக்கு உயிர் கொடுக்க முன்வந்த நீதிபதியோ அம்மன்றத்தில் ஒருவரே. உரிமைகளை எழுதி வைப்பதோடு ஒரு நாட்டின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவற்றைக் கேட்கத் துணியும் மக்களும், கேட்டதை அஞ்சாது ஆராயும் நீதிபதிகளும் இருக்கும்வரையே நீதியின் வாயில் திறந்திருக்கும்.