தெரெய்னின் லண்டன் ஓவியங்கள்

பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே தெரெய்ன் (1880–1954), 1906–07இல் லண்டன் நகரைப் பொருளாகக் கொண்டு தீட்டிய 30 ஓவியங்கள். பாரிஸ் கலை வணிகர் ஆம்புருவாஸ் வொல்லார் கேட்டுக்கொண்டதால் உருவானவை. லண்டனின் தேம்ஸ் ஆற்றை அவருக்கு முன்பே ஓவியர் மோனே மூடுபனியில் கரைத்துக் காட்டியிருந்தார். மோனேயின் அவ்வோவியங்கள் 1904இல் பாரிசில் காட்சிக்கு வந்தன. தெரெய்ன் கண்ட லண்டன் வேறு. சாம்பல் நிறத்துக்குப் பேர்போன நகரில் அவர் மஞ்சளையும் சிவப்பையும் கொட்டினார். ‘பிக் பென்’ என்ற ஓவியத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் நீலமும் பச்சையுமாக எழுகிறது. சூரியனைச் சுற்றி ஒளி தனித்தனித் தீற்றல்களாகச் சிதறுகிறது. ஆனாலும் கோபுரத்தின் வடிவம் சிறிதும் குலையவில்லை; நிறத்தை முற்றிலும் மாற்றியும் இடத்தை அடையாளம் காணவைப்பதே இவற்றின் தனிச்சிறப்பு. இயல்புக்கு மாறான அடர்நிறங்களைக் கையாளும் ஃபாவிசப் பாணியின் உச்சப் படைப்புகளில் இவற்றுக்கு இடமுண்டு. ‘பிக் பென்’ ஓவியம் பிரான்சின் துருவா நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.