பேட்டரி எப்போது சாகிறது? - மின்சார கார்களின் 125 வருடக் கதை



போன மாதம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி படுத்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியா எப்ப தண்ணி ஊத்துனீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். டிஸ்டில்ட் வாட்டரை அவர் ஊற்றுவார் என்று நானும், நான் ஊற்றுவேன் என்று அவரும் நினைத்தே ஒரு வருடம் ஓடியிருக்கிறது!

அதே வாரம் வேலூரிலிருந்து மாமா போன் செய்தார். அடுத்த வருடம் ரிடையர் ஆகிறார். வரும் பணத்தில் ஒரு மின்சார கார் வாங்க ஆசை. "ஏம்ப்பா, நீதான் எல்லாத்தையும் படிச்சு எழுதறியே. பேட்டரி எட்டு வருஷத்துல போயிடுமாமே? அப்புறம் புதுசு போட காருல பாதி விலை ஆகுமாமே? இது என் கடைசிக் காரு, யோசிச்சு சொல்லு" என்றார்.

யோசித்துச் சொல்லலாம் என்று படிக்க உட்கார்ந்தேன். மாமாவின் கேள்வி புதிது இல்லை. 1897-லிருந்தே கேட்கப்பட்டு வரும் கேள்வி அது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

லண்டன் வாடகை வண்டிகள்

திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியை 1859-ல் செய்தவர் பிரான்ஸ் நாட்டின் கஸ்தோன் பிளாந்தே. ஈயத் தகடுகள், கந்தக அமிலம், அவ்வளவுதான். 1881-ல் கமீய் ஃபோர் என்பவர் தகடுகளின் மேல் ஈயப் பசையைப் பூசி, அதிக மின்சாரத்தைச் சேமிக்க வழி கண்டார். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும் இதே குடும்பம்தான்.

1897 ஆகஸ்டில் லண்டன் தெருக்களில் வால்டர் பெர்ஸி என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவை எழுப்பிய ரீங்காரத்துக்காக மக்கள் அவற்றை 'ஹம்மிங்பேர்ட்' என்று செல்லமாக அழைத்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் 40 செல்கள். சார்ஜ் தீர்ந்தால் பேட்டரிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டிவிடுவார்கள். இன்று புதுமை என்று சொல்லப்படும் 'பேட்டரி மாற்றும் நிலையம்' அன்றே இருந்தது!

ஆனால் இரண்டே வருடம்தான். 1899-ல் வண்டிகள் தெருவை விட்டுப் போய்விட்டன. பாரம் தாங்காமல் டயர்கள் தேய்ந்தன. அதைவிட மோசம், ஓட்டத்தின் அதிர்வில் பேட்டரித் தகடுகள் சேதமாயின. தகட்டில் பூசிய பசை உதிர்ந்தால் சேமிக்கும் அளவு குறையும். உதிர்ந்தது அடியில் சேர்ந்து இரண்டு தகடுகளைத் தொட்டுவிட்டால் அந்த செல்லின் கதை முடிந்தது.

அமெரிக்காவில் எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி நியூயார்க்கில் இதே தொழிலைச் செய்தது. அங்கே நல்ல பணிமனையும் பழகிய ஆட்களும் இருந்தார்கள். அந்தத் தெம்பில் பாஸ்டன், சிகாகோ என்று வேகமாக விரித்தார்கள். போன இடமெல்லாம் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் கிடைக்கவில்லை. 1907-ல் கம்பெனி திவால். வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் பேட்டரிப் பராமரிப்பு அதில் முக்கியமானது.

எடிசன் எடுத்த வழி

தாமஸ் எடிசனுக்கு ஈய பேட்டரி பிடிக்கவில்லை. பாரம் அதிகம், ஆயுள் குறைவு. ஈயத்துக்குப் பதில் நிக்கலும் இரும்பும், அமிலத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வைத்து 1901-ல் புது பேட்டரியை அறிவித்தார். விற்பனைக்கு வந்ததும் செல்கள் ஒழுகின, சக்தியும் குறைந்தது. எடிசன் உற்பத்தியை நிறுத்திவிட்டு மறுபடி ஆய்வகத்துக்குப் போனார். 1909-ல்தான் திருந்திய பேட்டரி வந்தது.

அது உழைத்த உழைப்பு பெரியது. அதிகமாக சார்ஜ் செய்தாலும், முழுதாகக் காலியாக விட்டாலும் தாங்கும். பல பத்தாண்டுகள் ஓடிய செல்கள் உண்டு. ஆனால் விலை அதிகம். டெட்ராய்ட் எலக்ட்ரிக் காரில் இந்த பேட்டரி வேண்டுமென்றால் 600 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். குளிரிலும் அது சரியாக வேலை செய்யாது. அதற்குள் ஃபோர்டின் மலிவான மாடல் டி (1908) வந்துவிட்டது. காடிலாக் காரில் பட்டனை அழுத்திக் கிளப்பும் ஸ்டார்ட்டரும் (1912) வந்துவிட்டது. அழியாத பேட்டரி கையில் கிடைத்த நேரத்தில் மின்சார கார் சந்தையே அழியத் தொடங்கியது. என்ன ஒரு விதி பாருங்கள்!

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் பட்டது ஹார்ட்ஃபோர்டு கதை. அமெரிக்காவின் அந்த ஊரில் மின்சாரம் விற்ற கம்பெனி, 1910களில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நீங்கள் பேட்டரி இல்லாமல் மின்சார லாரியை வாங்கலாம். பேட்டரி கம்பெனியுடையது. மாதக் கட்டணமும், ஓடிய மைலுக்கு இவ்வளவு என்றும் கொடுத்தால் போதும். சார்ஜ் செய்வது, பராமரிப்பது, மாற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. 1924 வரை இது நடந்தது. அந்த லாரிகள் மொத்தம் 60 லட்சம் மைல்களுக்கு மேல் ஓடின.

லண்டன் வண்டியில் இருந்த அதே ஈய-அமில வகையைத்தான் இந்தக் காலத்திலும் பெரும்பாலோர் பயன்படுத்தினார்கள். வித்தியாசம் எங்கே? இங்கே பேட்டரி கெட்டால் யாருக்கு நஷ்டமோ, அவரேதான் அதைப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இல்லாமல் போனது அதுதான் :-)

மறுபடி வந்த மின்சார கார்

நடுவில் நீண்ட தூக்கம். 1996-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1 காரை ஈய-அமில பேட்டரியோடு கொண்டுவந்தது. பிறகு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வந்தது. விற்காமல் லீசுக்கு மட்டுமே விட்ட அந்தக் கார்களைப் பின்னால் நிறுவனமே திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. அதே காலத்து டொயோட்டா ராவ்4 ஈவி கார்களுக்கு நல்ல கதி. கலிபோர்னியாவில் ஒரு மின்சார கம்பெனி தன் வேலைக்கு ஓட்டிய கார்களில் சில, பழைய பேட்டரியோடு 1,00,000 மைலைத் தாண்டின.

நம் பக்கத்து ஊர் பெங்களூரில் 2001-ல் ரேவா வந்தது. ஆறு வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் எட்டு. 2009-ல் லித்தியம்-அயான் பேட்டரியோடும் ஒரு ரேவா வந்தது.

லித்தியம்-அயான் பேட்டரியை 1991-ல் சோனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட விட்டிங்ஹாம், குட்எனஃப், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 'இனி பராமரிப்பே இல்லை' என்று எல்லோரும் நினைத்த நேரத்தில்தான் ஃபீனிக்ஸ் சம்பவம் நடந்தது. மாமாவுக்காக நான் மூன்று முறை படித்த பகுதி இது.

ஃபீனிக்ஸ், 2012

நிஸ்ஸான் லீஃப் கார் 2010 டிசம்பரில் வந்தது. 24 கிலோவாட் மணி பேட்டரி. அதே மாதம் வந்த செவர்லே வோல்ட் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடும் ஏற்பாடு இருந்தது. லீஃபில் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. மூடிய பெட்டி, அவ்வளவுதான்.

லீஃபின் டாஷ்போர்டில் பேட்டரியின் உடல்நிலையைக் காட்ட 12 கோடுகள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்ற பாலைவன நகரம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். 2012 கோடையில், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கார்களில் இந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. முதல் கோடு போனால் 15 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம்.

கார்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செப்டம்பரில் 12 கார்களை ஒன்றுகூட்டி, முழு சார்ஜில் ஒரே பாதையில் ஓட்டி, எவ்வளவு தூரம் வருகிறது என்று தாங்களே அளந்தார்கள். நிறுவனமும் ஏழு கார்களைச் சோதித்தது. பேட்டரியில் குறை இல்லை, இவை வெப்பமான ஊரில் அதிக மைல் ஓடியவை என்றது. வழக்கும் போடப்பட்டது. அந்த டிசம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கோடுகளுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று வாரண்டி கொடுத்தது. 2015 மாடலில் வெப்பம் தாங்கும் புது வேதியியலும் வந்தது. பாலைவனத்துப் பல்லிபோலத் தாங்கும் என்று அதற்கு 'லிசார்ட் பேட்டரி' என்றே பெயர் விழுந்தது.

ஏன் வெப்பம் இப்படிச் செய்கிறது? லித்தியம் பேட்டரியின் எதிர்முனையில் ஒரு மெல்லிய படலம் உருவாகும். அது பாதுகாப்புக்குத் தேவை. ஆனால் அது தடிக்கத் தடிக்க, பயன்பட வேண்டிய லித்தியத்தைத் தின்றுவிடும். வெப்பம் ஏறினால் இந்த வேலை வேகமாக நடக்கும். முழு சார்ஜில் நிற்கும்போது இன்னும் வேகம். கார் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. வெயிலில் முழு சார்ஜோடு நிற்கும் காருக்கும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும்!

மாமாவுக்குச் சொன்னது

"எட்டு வருஷத்துல போயிடுமா?" என்பதற்கு என் பதில்: எட்டு வருடம் என்பது பொதுவாக வாரண்டிக் காலம், சாகும் நாள் அல்ல. கனடாவின் ஜியோடேப் நிறுவனம் 2024-ல் சுமார் 10,000 கார்களின் தரவைப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரி 1.8 சதவீதம் குறைகிறது என்றது. அப்படியானால் எட்டு வருடத்தில் 15 சதவீதம்போல. 300 கிலோமீட்டர் போன கார் 255 போகும். ஃபீனிக்ஸ் மாதிரி ஆகாமல் பார்த்துக்கொண்டால்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மாமாவிடம் சொன்னவை இவை:

1. பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு உண்டா என்று ஷோரூமில் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

2. வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

3. நிழலில் நிறுத்துங்கள். வாசலில் ஒரு கூரை போட்டால்கூடப் போதும்.

4. நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரி என்றால் தினசரி 80 சதவீதம் போதும், ஊருக்குப் போகும் அன்று மட்டும் 100. லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகை என்றால் அவ்வப்போது முழுதாக சார்ஜ் செய்யச் சொல்வார்கள். அதில் மின்னழுத்தம் அதிகம் மாறாததால், அப்போதுதான் மீதி எவ்வளவு என்று கார் சரியாகக் கணக்கிட முடியும். உங்கள் காரின் கையேடு சொல்வதே சரி.

5. பூஜ்யத்தில் பல நாள் விட வேண்டாம். வேக சார்ஜ் பயணத்துக்கு மட்டும் போதும்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் ஐ.நா.வின் வாகன விதிகள் அமைப்பு முதல்முறையாக பேட்டரி ஆயுளுக்கு உலக அளவில் விதி வகுத்தது. 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஹார்ட்ஃபோர்டு கம்பெனி தானாக ஏற்ற பொறுப்பை, இப்போது தயாரிப்பாளர்மேல் விதியாக வைக்கிறார்கள்.

125 வருடக் கதையில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வேதியியல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் எந்தக் காலத்திலும், 'இதைப் பார்த்துக்கொள்வது என் வேலை' என்று ஒருவர் இருந்த இடத்தில் பேட்டரி நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறது. யாரும் இல்லாத இடத்தில் சீக்கிரம் போயிருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "அப்ப முதல்ல கூரைக்கு ஆள் பாக்கறேன். காரு அப்புறம்."

எங்கள் வீட்டுப் புது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதம் முதல் ஞாயிறு தண்ணீர் பார்ப்பது என் வேலை என்று காலண்டரில் எழுதி ஒட்டிவிட்டேன். அப்பா பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டுவிட்டார்!