புரதத் தேவையின் அளவுகோல்: 118 கிராமிலிருந்து 54 கிராம் வரை

மனிதனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடலியலாளர்கள் தந்த விடை, பெருமளவுக்கு, நன்றாக உண்டு வந்த உழைப்பாளிகளின் உணவைக் கணக்கிட்டுப் பெறப்பட்டதே தவிர, உடலின் குறைந்தபட்சத் தேவையை அளந்து பெறப்பட்டதன்று. மியூனிக் நகரின் கார்ல் ஃபோன் ஃபோய்ட், நடுத்தர உழைப்புடைய 70 கிலோ ஆணுக்கு 118 கிராம் என வகுத்தார். அவரிடம் பயின்ற அமெரிக்கரான ஆட்வாட்டர் அதை 125 கிராமாக உயர்த்தினார். தசைக்குப் புரதமே எரிபொருள் என்ற வேதியியலாளர் லீபிக்கின் கொள்கையோ, 1865இல் ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் புரதமில்லா உணவை உண்டு சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையேறித் தம் சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜனை அளந்து, எரிந்த புரதம் அந்த உழைப்புக்குப் போதாதெனக் கண்டபோதே ஆட்டங்கண்டுவிட்டது. இருந்தும் அக்கொள்கையின் நிழலில் வளர்ந்த பெரிய எண்கள் நிலைத்தன.

அவற்றை நேரடியாக எதிர்த்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ரஸல் சிட்டெண்டன். புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், உணவில் சேரும் நைட்ரஜனையும் கழிவில் வெளியேறுவதையும் ஒப்பிட்டு உடல் புரதத்தை இழக்கிறதா, காக்கிறதா என்று அறியலாம். இதுவே நைட்ரஜன் சமநிலை எனப்படும். தம்மீதும், சக பேராசிரியர்கள், படைவீரர்கள், மாணவ விளையாட்டு வீரர்கள் மீதும் மாதக்கணக்கில் இச்சோதனையை நடத்தி, ஃபோய்ட் சொன்னதில் பாதியளவோ அதனினும் குறைவோ போதுமென 1904இல் வெளியிட்டார். வலிமை குறையவில்லை என்பதோடு, பலருக்கு அது கூடியதாகவும் பதிவு செய்தார்.

ஆனால் கல்கத்தாவில் உடலியல் பேராசிரியராயிருந்த மக்கே, வங்காளத்தாரின் உடல்வலிமைக் குறைவுக்குப் புரதக் குறைவே காரணம் என்று 1912இல் எழுதிச் சிட்டெண்டனை மறுத்தார். வறுமை, நோய், ஆற்றல் பற்றாக்குறை ஆகியவற்றைப் புரதத்திலிருந்து பிரித்தறியாத அம்முடிவில் ஆட்சியாளரின் இனக்கணிப்பும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இதே குழப்பம் உலக அளவில் திரும்பியது. ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் விவரித்த குவாஷியோர்கர், அதாவது கால்கள் வீங்கித் தோல் உரியும் குழந்தை நோய், புரதக் குறைவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது; 1968இல் ஐ.நா. அறிக்கையொன்று வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுக்க அறைகூவியது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் நிலக்கடலை மாவிலும், குவாத்தமாலாவின் ஊட்டச்சத்து நிறுவனம் பருத்திவிதை மாவிலும் புரதக் கலவைகளை உருவாக்கியிருந்தன. ஆனால் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், ஐதராபாத்தில் நடத்திய ஆய்வின் வழியே, குவாஷியோர்கர் கண்ட குழந்தைகளின் உணவும், உடல் மெலிந்து வற்றும் மராஸ்மஸ் கண்ட குழந்தைகளின் உணவும் வேறுபடவில்லை என்று காட்டினார். வயிறு நிறையாத குழந்தைக்குத் தரும் கூடுதல் புரதம், விறகில்லாத வீட்டில் நாற்காலியை உடைத்து அடுப்பில் வைப்பதுபோல, ஆற்றலுக்காகவே எரிந்துபோகும்; முதலில் வேண்டியது போதிய உணவு. 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முழு முயற்சியையும் பெருந்தோல்வி என்றே குறித்தார்.

இன்றைய அளவுகோல் உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம். தரமான புரதத்தைக் கொண்டு வகுக்கப்பட்ட இது, சராசரித் தேவையான 0.66 கிராமுக்கு மேல், நலமுள்ளோரில் ஏறத்தாழ அனைவரையும் உள்ளடக்குமாறு வைக்கப்பட்ட காப்பளவு என்பதால், இதற்குச் சற்றுக் கீழே இருப்பவரெல்லாம் குறைபாடுடையோர் ஆகார். 65 கிலோ இந்திய ஆணுக்கு அது 54 கிராம். பருப்பு, பால், முட்டை, தானியம் ஆகியவை தரும் புரதத்தின் கூட்டுத்தொகையை இதிலிருந்து கழித்த பின் மிஞ்சும் குறை மட்டுமே புரதப் பொடி போன்ற துணைப்பொருளின் கணக்கு. வலுப்பயிற்சி செய்வோருக்கு எண் உயர்ந்தாலும், கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போவதால் தசை வளர்ச்சிக்குப் பெரிய ஆதாயம் இராதெனக் குறிப்பிட்டு, புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறு 2024இல் அறிவுறுத்தியது, கோபாலன் முன்னர் தலைமை வகித்த, ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.